பாதியில் நின்ற கோஷம்

கரிசல் காட்டின் நடுவில் ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. அதன் நூலகம் இரவு பத்து மணிவரை திறந்திருக்கும், அதன் பெண்கள் விடுதியின் வெளிக்கதவு மாலை ஆறரைக்கே பூட்டப்படும், இரண்டையும் அறிவிக்கும் சுற்றறிக்கைகள் ஒரே பலகையில் ஒரே பதிவாளரின் கையெழுத்தோடு பக்கத்தில் பக்கத்தில் ஒட்டப்பட்டிருக்கும், அவற்றைப் பார்த்து அங்கே யாருக்கும் சிரிப்புகூட வருவதில்லை. உலகம்மாளுக்கு மட்டும் ஏழு வருஷமாகியும் அது பழகவில்லை. வைப்பாற்றுக் கரைக் கிணறுகளில் உப்பு ஏறுவதைப் பற்றி முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்தவள் அவள். குடுவையில் தண்ணீர் பாதி வற்றியிருக்கும்போதே அடுப்பை அணைத்துவிட்டு, ஆறே காலுக்குச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு விடுதிக்கு ஓடி, மறுநாள் அதே கிணற்றுத் தண்ணீரை முதலிலிருந்து வற்றவைத்து, மறுபடியும் பாதியில் அணைத்து, இப்படியே நாலு வருஷ வேலையை ஏழு வருஷம் செய்தாள். ஆய்வேட்டைக் கொடுத்து முடித்த மறுநாள், இனி தனக்கு எந்த லாபமும் இல்லாத அந்த நேரத்தில், விடுதிப் பெண்கள் நாற்பத்து மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு நிர்வாகக் கட்டடத்துக்குள் நுழைந்து, தூண்கள் சூழ்ந்த முன்கூடத்தில் பாயை விரித்து உட்கார்ந்துவிட்டாள்.

கோஷம் போடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. முன்னால் நிற்பவர் பாதியைச் சொல்வார், கூட்டம் மீதியைச் சொல்லும். முன்பாதி கேள்வியாகவும் பின்பாதி பதிலாகவும் சேர்ந்தால்தான் அது கோஷம், இல்லையென்றால் ஒருவர் தனியாகக் கத்துவதுதான். உலகம்மாள் கழுத்து நரம்பு புடைக்க "துணைவேந்தரே! துணைவேந்தரே!" என்பாள், நாற்பத்து மூன்று பேரும் "பூட்டைத் திற! பூட்டைத் திற!" என்பார்கள், கூடத்துத் தூண்களில் தூங்கும் புறாக்கள் எழுந்து ஒரு சுற்று சுற்றிவிட்டு மறுபடியும் உட்காரும். பதினெட்டு நாள் இப்படிப் போயிற்று. கழிப்பறைத் தண்ணீரை நிறுத்திப் பார்த்தார்கள், மின்விசிறியை நிறுத்திப் பார்த்தார்கள், ஒவ்வொருத்தியின் அப்பாவுக்கும் போன் போட்டு உங்கள் மகள் படிக்காமல் பாயில் படுத்திருக்கிறாள் என்று சொல்லிப் பார்த்தார்கள்.

பத்தொன்பதாம் நாள் காலை பதினொன்று பத்துக்கு, உலகம்மாள் "துணைவேந்தரே! துணைவேந்தரே!" என்று முன்பாதியைச் சொல்லி வாயை மூடிய அதே நொடியில், பதிவாளர் திரவியநாதன் ஒரு தாளைத் தூக்கிக் காட்டியபடி வெளியே வந்தார். தாளைக் கண்டதும் யாரோ விசிலடித்தார்கள், யாரோ கைதட்டினார்கள், யாரோ அழுதார்கள், பாயைச் சுருட்டினார்கள், ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டார்கள். பின்பாதியைச் சொல்ல ஒருத்திக்கும் நினைவு வரவில்லை. தாளில் கோரிக்கை ஏற்கப்பட்டது என்று இல்லை, கனிவுடன் பரிசீலிக்கப்படும் என்றுதான் இருந்தது. உலகம்மாள் அதைப் படித்துவிட்டாள். படித்து, ஏ நில்லுங்கள், பாயைச் சுருட்டாதீர்கள் என்று சொல்ல வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. அவள் தலைக்கு மேலே, முன்கூடத்தின் நடுவில், ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, அவளுடைய குரல் அவள் இல்லாமலே "துணைவேந்தரே! துணைவேந்தரே!" என்று கூப்பிட்டது.

அன்று மாலையும் கதவு ஆறரைக்குப் பூட்டப்பட்டது.

குரல் ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் கூப்பிட்டது. இரண்டாம் சனிக்கிழமை, ஞாயிறு, அரசு விடுமுறை எதையும் அது பார்க்கவில்லை. முதல் நாள் குமாஸ்தாக்கள் எழுந்துவந்து அண்ணாந்து பார்த்தார்கள். இரண்டாம் நாள் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்தார்கள். மூன்றாம் நாள் பார்க்கவில்லை. வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் அலுவலக உதவியாளர் முப்பது வருஷப் பழக்கத்தில் "ஐயா மீட்டிங்ல இருக்காங்க, நாளைக்கு வாங்க" என்று அதற்கும் சொன்னார், அது ஐந்து நிமிடம் சும்மா இருந்ததைத் தன் பேச்சுக்குக் கட்டுப்பட்டதாக எண்ணி எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டார். ஒரு வாரத்துக்குள் அது கடிகாரமாகிவிட்டது. டீ கொண்டு வருகிறவர் "ரெண்டு துணைவேந்தரே கழிச்சு வாரேன்" என்றார், சான்றிதழ் கேட்டு வந்தவர்களைப் பிரிவு அலுவலகத்தில் "ஒரு ஆறு துணைவேந்தரே ஆகும், வெளிய உக்காருங்க" என்றார்கள், வெளியூர்ப் பெற்றோர்கள் கூடத்தைக் கடக்கும்போது எதற்கும் இருக்கட்டும் என்று செருப்பைக் கழற்றினார்கள்.

நிர்வாகமும் தன்னால் ஆனதைச் செய்தது. மூன்று பேர் குழு போட்டார்கள், குழு ஒன்பது பக்கம் அறிக்கை கொடுத்தது, குரல் இருப்பது உண்மையே என்று அதில் கண்டிருந்தது. மராமத்துப் பிரிவினர் தூண்களுக்கெல்லாம் சாக்குச் சுற்றி, கூரைக்குத் தெர்மோகோல் ஒட்டினார்கள். அதன் பிறகு குரல் கூப்பிடும்போதெல்லாம் வெள்ளைத் துகள்கள் உதிர்ந்து எல்லார் தலையிலும் விழுந்தன. துணைவேந்தர் விருந்தினர் மாளிகைக்குக் குடிபெயர்ந்து அதற்கு முகாம் அலுவலகம் என்று பெயர் வைத்துக்கொண்டார். பின்பாதியைச் சொல்லிவிட்டால் அது அடங்கும் என்று யாரோ யோசனை சொல்ல, காவலாளிகள் பன்னிரண்டு பேரைச் சீருடையோடு வரிசையாக நிறுத்தி, எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்துப் "பூட்டைத் திற" சொல்ல வைத்தார்கள். குரல் அவர்கள் முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு முன்னைவிட உரக்கக் கூப்பிட்டது. அரசியல் கூட்டங்களுக்கு ஆள் அனுப்புகிறவரைப் பிடித்து இரண்டு வேன் ஆட்களையும் இறக்கினார்கள். அவர்கள் தொழில் தெரிந்தவர்கள், தொண்டை கிழியக் கத்தினார்கள், பிரியாணி சாப்பிட்டார்கள், போனார்கள். குரலுக்குத் தன் கூட்டம் எது என்று தெரிந்திருந்தது.

அந்தக் கூட்டமோ வாயைத் திறக்க முடியாதபடி கையெழுத்துப் போட்டிருந்தது. விடுதிக்கும் ஆய்வகத்துக்கும் திரும்ப வேண்டுமானால் முத்திரைத் தாளில் உறுதிமொழி கொடுக்கவேண்டும் என்று திரவியநாதன் சொல்லியிருந்தார். வளாகத்துக்குள் கோஷம் எழுப்ப மாட்டேன், பிறர் எழுப்பும் கோஷத்துக்குப் பதில் கோஷம் இடமாட்டேன், மீறினால் நீக்கப்படச் சம்மதிக்கிறேன் என்று அதில் இருந்தது, கீழே அப்பாவோ அம்மாவோ கையெழுத்துப் போடவேண்டும். நாற்பத்து மூன்று பேரும் போட்டார்கள். வாய்மொழித் தேர்வுக்குத் தேதி வேண்டுமே என்று உலகம்மாளும் போட்டாள். மற்றவர்கள் போட்டதைவிடத் தான் போட்டதுதான் அவளுக்கு அதிகமாக எரிந்தது.

தேதியும் கிடைத்தது, குரல் போன நாளிலிருந்து இருபத்தாறாம் நாளுக்கு. அதற்குள் குரலைத் திரும்பப் பெறப் பார்த்தாள். நகரத்தில் காது மூக்கு தொண்டை டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "தொண்டை நல்லாத்தானே இருக்கு, ஏன் பேச மாட்டேங்கிறீங்க?" என்று அவளையே கோபித்துக்கொண்டார். தென்காசியிலிருந்து வந்த அம்மா சித்தரத்தையை இடித்துத் தேனில் குழைத்து ஊட்டினாள், கோயிலுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தாள், போராட்டம் எல்லாம் நமக்கு எதுக்கு என்று நாளைக்கு நாலுதரம் கேட்டாள். எழுதிப் பதில் சொல்ல அனுமதி வேண்டும் என்று உலகம்மாள் கொடுத்த மனுவுக்கு, வாய்மொழித் தேர்வில் விடைகள் வாயால் சொல்லப்பட வேண்டும், விதிகளில் வேறு இடமில்லை என்று ஒரு வரியில் பதில் வந்தது. அன்று பதில் சொல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்துத்தான் மறுதேர்வு. அவளுடைய பதிவுக் காலமோ, நீட்டித்து நீட்டித்து, அந்த மாதக் கடைசியோடு முடிகிறது. ஏழு வருஷமும் போய்விடும்.

அவளைப் பார்த்தவர்களெல்லாம், வாய்தான் போயிற்று, காது போகவில்லை என்பதை மறந்து, அவளிடம் கத்திக் கத்திப் பேசினார்கள். அது வேறு அவள் உயிரை வாங்கியது. தினமும் மத்தியானம் முன்கூடத்துக்குப் போய், குரல் இருக்கும் இடத்துக்கு நேர்கீழே நின்று, வாயை அண்ணாந்து திறந்து வைத்துக்கொள்வாள், வேண்டுமானால் வந்து விழட்டும் என்று. தெர்மோகோல் துகள்தான் விழும். குரலுக்கும் நாளாக நாளாகச் சலிப்புத் தட்டிவிட்டது. முதலில் போராட்டக் குரலாக இருந்தது, இரண்டாம் வாரம் கடன்காரனை எழுப்புகிற குரலாகி, மூன்றாம் வாரம் கதவுக்கு வெளியே நனைந்துகொண்டு நிற்கிறவளின் குரலாகியிருந்தது.

ஒருநாள் ஜெபராணி அங்கே வந்தாள். நாசரேத்துக்காரி, உலகம்மாளின் அறைத்தோழி, பத்தொன்பது நாளும் முதல் வரிசையில் உட்கார்ந்து எல்லாரையும்விட உரக்கப் பின்பாதி சொன்னவள். உலகம்மாள் நோட்டில் எழுதிக் காட்டினாள்: *ஒருதரம் சொல்லுங்க. ஒரே ஒருதரம். நான் கேட்டதெல்லாம் அவ்வளவுதான்.*

"ஏட்டி, உனக்குத் தெரியாதா?" என்றாள் ஜெபராணி. "எங்கப்பா அந்தத் தாளுல கையெழுத்துப் போட்ருக்காவ. நான் கத்துனா அவியளத்தான கூப்பிட்டுக் கேப்பாவ?"

*பத்தொன்பது நாள் கத்துனியே, அப்பம் அப்பா இல்லையா?*

"அப்பம் தாளு இல்லட்டி."

*நாப்பத்து மூணு பேரையும் நீக்கிருவாங்களா? நீக்கிட்டு யாருக்குப் பாடம் நடத்துவாங்க?*

"மொதல்ல கத்துதவள நீக்குவாவல்லா. அந்த மொத ஆளு யாரு? நீ சொல்லு, யாரு?"

உலகம்மாள் நோட்டை மூடினாள். மேலே குரல் கூப்பிட்டது. ஜெபராணி சால்வையைத் தலையில் இழுத்துப் போர்த்திக்கொண்டு, யாராவது பார்த்துவிட்டார்களா என்று இருபுறமும் பார்த்துவிட்டுப் போனாள், உலகம்மாளுக்கு அவள் முதுகிலேயே ஒன்று வைக்கவேண்டும் போலிருந்தது. துணைவேந்தர் மேல்கூட அவளுக்கு அவ்வளவு கோபம் வந்ததில்லை.

இருபத்தாறாம் நாள் தேர்வு நாலு மணிக்குத் தொடங்கியது. முன்கூடத்தை ஒட்டிய கருத்தரங்க அறையில், யாரும் வந்து கேட்கலாம் என்பது வழக்கமாதலால், நாற்பத்து மூன்று பேரும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். உறுதிமொழித் தாளில் உட்காரக்கூடாது என்று எதுவும் இல்லை. திரவியநாதன் தானே வந்து ஓரத்தில் நாற்காலி போட்டுக்கொண்டார். புறத்தேர்வாளர் கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பேராசிரியர் சாரதாமணி, குள்ளமான மனுஷி, ஆய்வேட்டின் பக்கங்களுக்கிடையே பத்திருபது பஸ் டிக்கெட்டுகளை அடையாளம் வைத்திருந்தார்.

"நல்லா எழுதியிருக்கற கண்ணு," என்றார் அவர். "மழை கொறஞ்சதாலதான் கிணத்துல உப்பு ஏறுதுன்னு எல்லாரும் சொல்றாங்க, நீ மட்டும் அதில்லைங்கற. ஏன்னு சொல்லு."

உலகம்மாளுக்குப் பதில் தெரியும். ஏழு வருஷமாகத் தெரியும். வாயைத் திறந்தாள், உதடுகள் அசைந்தன, நாக்கு அசைந்தது, காற்று வந்தது. வெளியே முன்கூடத்தில் "துணைவேந்தரே! துணைவேந்தரே!" என்று கேட்டது.

"அது யாருங்க கூப்பிடறது?" என்றார் சாரதாமணி.

"அது இருக்கும் மேடம்," என்றார் திரவியநாதன். "நீங்க கேள்வியைக் கேளுங்க. மூணுதரம் கேட்டும் பதில் வரலைன்னா, விதிப்படி, பதிலளிக்கவில்லைன்னு பதிஞ்சிரலாம்."

சாரதாமணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, தண்ணீர் குடித்து, பஸ் டிக்கெட்டை இடம் மாற்றி வைத்து, முடிந்த அளவு நேரம் கடத்தி, இரண்டாம் தரம் கேட்டார். உலகம்மாள் காற்றாகவே பதில் சொன்னாள், முழுப் பதிலையும், உப்பளத்துக்காக வெட்டிய வாய்க்கால்களையும் ஆழ்துளைக் கிணறுகளையும் விரல்விட்டு எண்ணிச் சொன்னாள், ஒரு சத்தமும் இல்லை, கண்ணிலிருந்து மட்டும் நீர் வழிந்தது. மூன்றாம் தரம் கேட்டார். திரவியநாதன் பேனா மூடியைக் கழற்றினார். வெளியே குரல் கூப்பிட்டது, இந்தத் தடவை அதில் கோபமே இல்லை, யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்துகொண்டவள் கடைசியாக ஒருதரம் கூப்பிடுவதுபோல் இருந்தது.

"பூட்டத் தெற," என்றாள் ஜெபராணி.

தொண்டையைச் செருமுகிற அளவுக்குத்தான் அது கேட்டது. திரவியநாதன் திரும்பினார். பக்கத்தில் இருந்தவள் சொன்னாள். பின்வரிசையில் ஒருத்தி எழுந்து நின்று சொன்னாள். அப்புறம் யார் முதலில் யார் அடுத்தது என்று எண்ண முடியாதபடி நாற்பத்து மூன்று பேரும் எழுந்து, பயத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "பூட்டைத் திற! பூட்டைத் திற!" என்று, இருபத்தாறு நாள் விழுங்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்துக் கத்தினார்கள், மேசையிலிருந்த பஸ் டிக்கெட்டுகள் பறந்தன, முன்கூடத்தில் ஒட்டியிருந்த தெர்மோகோல் முழுவதும் ஒரே பலகையாகக் கழன்று விழுந்தது.

பிறகு குரல் கூப்பிடவில்லை. உலகம்மாளின் தொண்டைக்குள் சுக்குக் காப்பி இறங்குவதுபோல் ஒரு சூடு இறங்கியது. இருமினாள். இருமல் சத்தமாக வந்தது. நாற்பத்து மூன்று பேரும் அவள் வாயையே பார்த்தார்கள்.

"இத்தன நாளும் எங்கட்டி போய்த் தொலஞ்சிய எல்லாரும்?" என்றாள் உலகம்மாள்.

"பயமா இருந்துச்சுட்டி," என்றாள் ஜெபராணி, அழுதுகொண்டே.

"எனக்கு மட்டும் என்ன, குளுகுளுன்னு இருந்துச்சாக்கும்!" என்று சொல்லிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, தேர்வாளர் பக்கம் திரும்பி, "மன்னிச்சிக்கோங்க மேடம். மழைக் கொறவு காரணமில்லைன்னு நான் சொல்றதுக்கு மூணு ஆதாரம் இருக்கு," என்று தொடங்கி, ஒரு மணி நேரம் நிறுத்தாமல் பேசினாள். சாரதாமணி பட்டத்துக்குப் பரிந்துரைத்துக் கையெழுத்துப் போட்டார். அது முடிந்தது.

முடியாதது திரவியநாதனின் வேலை. தேர்வாளர் ரயிலுக்குக் கிளம்பியதும் அவர் கதவை அடைத்து, ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, கோஷமிட்ட ஒவ்வொருவரையும் முன்னால் வரவழைத்துப் பெயர் எழுதத் தொடங்கினார். ஓடி ஒளிவார்கள் என்று எதிர்பார்த்தார். அவர்களோ வரிசையில் நின்று, இனிஷியல் சொல்லி, பதிவு எண் சொல்லி, எழுத்துக்கூட்டி, "சார், அது பெரிய ற இல்ல, சின்ன ர" என்று திருத்தி, எழுதியது சரிதானா என்று எட்டிப் பார்த்தும் போனார்கள். உலகம்மாள் தன் பெயரையும் கடைசியில் சேர்க்கச் சொன்னாள். நாற்பத்து நாலு பெயர் எழுதி முடிக்கும்போது மணி ஏழே கால். அவருக்கு விரல் மரத்துவிட்டது, பசி எடுத்தது.

"சரி, போங்க எல்லாரும். மத்ததை நாளைக்குப் பாத்துக்கறேன்."

யாரும் நகரவில்லை.

"போங்கன்னா!"

"எங்க சார் போறது?" என்றாள் உலகம்மாள். "ஆறரைக்கே பூட்டியாச்சே."

திரவியநாதன் அவளைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், விடுதி உதவிக் காப்பாளர் கோமதிசங்கரிக்குப் போன் போட்டார். "ஏம்மா, அந்தப் பூட்டைத் திறந்து விடுங்க. புள்ளைங்க வருது."

"வாயால சொன்னா முடியாது சார்," என்று அந்த அம்மாளின் குரல் போனுக்கு வெளியிலும் கேட்டது. "போன வருஷம் நீங்க சொன்னீங்கன்னு திறந்ததுக்கு எனக்கு மெமோ குடுத்தது நீங்கதான். எழுத்துல வேணும், சீல் வேணும்."

"நான்தானம்மா பேசுறேன்!"

"எழுத்துல வேணும் சார்."

அலுவலகங்கள் எல்லாம் பூட்டியிருந்தன. கையில் இருந்தது அந்த ஒரு தாள். கொசு கடித்தது, நாற்பத்து நாலு பேரும் அவரையே பார்த்துக்கொண்டு பேசாமல் நின்றார்கள், அந்த மௌனம் இருபத்தாறு நாள் குரலைவிட அவருக்குத் தாங்க முடியாததாக இருந்தது. "சனியன்," என்று முனகிக்கொண்டே தாளைத் திருப்பி, பின்பக்கத்தில், *பெண்கள் விடுதிக் கதவை ஆறரை மணிக்குப் பின்னரும் திறந்துவிடவும்* என்று பச்சை மையில் கிறுக்கி, கையெழுத்துப் போட்டு, கைப்பையிலிருந்த சீலை ஓங்கிக் குத்தி, உலகம்மாளின் கையில் திணித்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் காருக்குப் போனார்.

விடுதி வாசலில் விளக்கு வெளிச்சத்தில் கோமதிசங்கரி தாளை வாங்கிப் படித்தார். சீலைத் தடவிப் பார்த்தார். மறுபடியும் படித்தார். திருப்பி, பின்னால் இருந்த நாற்பத்து நாலு பெயர்களையும் பார்த்தார்.

"இன்னைக்கு மட்டும்னு போடலையே," என்று தனக்குத்தானே சொன்னார். "மறந்துட்டாரோ?"

ஜெபராணி வாயைத் திறந்தாள். உலகம்மாள் அவள் இடுப்பில் நறுக்கென்று கிள்ளினாள்.

"எனக்கென்ன, எழுதினதுதானே உத்தரவு," என்றார் கோமதிசங்கரி. "இதை மாத்தி இன்னொண்ணு எழுத்துல வர்ற வரைக்கும் இதுதான்." தாளைக் கோப்பில் குத்தி வைத்துவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு வந்தார்.

இருபத்தாறு நாள் குரலுக்காக அலைந்த உலகம்மாள், வாயை இறுக மூடிக்கொண்டு, திறந்த கதவு வழியாக உள்ளே போனாள்.